எடை குறைப்பு ஆபரேசனுக்கு பிறகு இரைப்பையில் ஒழுகலா? வயிற்றை மறுபடி கிழிக்காமல் ‘ஸ்டென்ட்’ வைத்து அடைக்கும் டாக்டர்கள்

உடம்பை குறைக்க ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. கஞ்சி தண்ணி, மோர், இளநீர் என்று நாட்கள் ஓடுகின்றன. எடையும் 5, 6 கிலோ இறங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். திடீரென்று 10-வது நாள் காய்ச்சல் அடிக்கிறது. இடது தோள்பட்டையில் குத்துகிறது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

வீட்டில் என்ன சொல்வார்கள்? “வாயு பிடிச்சிருக்கு. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்” என்பார்கள். இன்னொருவர் ஓமத்தண்ணி கொடுப்பார். மற்றொருவர் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கி வருவார். இப்படி 2 நாள் போய்விடும்.

அந்த 2 நாள்தான் உயிருக்கு உலை வைக்கும் நாட்கள்.

எடை குறைப்பு ஆபரேசனில் இரைப்பையை வெட்டி ஒட்டிய இடத்தில் சிறு ஓட்டை விழுந்து, உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கசிவதைத்தான் டாக்டர்கள் ‘லீக்’ என்கிறார்கள். நாம் ஒழுகல் என்போம். முன்பெல்லாம் இப்படி ஆனால் மறுபடி வயிற்றை திறப்பதுதான் வழி. இப்போது பல பேருக்கு வாய் வழியாக குழாய் விட்டு, உள்ளே வலைக்குழாய் ஒன்றை விரித்து அந்த ஓட்டையை மறைத்து ஆற வைத்து விடுகிறார்கள். அதற்கு பெயர்தான் எண்டோஸ்கோபி ஸ்டென்ட் சிகிச்சை.

10-ல் 4 பேர்

இந்த ஆபரேசன் சினிமாக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2019-21-ல் மத்திய அரசு நடத்திய தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டு பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. அதாவது 10 பேரில் சுமார் 4 பேர். இவர்கள் எல்லோருக்கும் ஆபரேசன் தேவையில்லை. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு அடைப்பது என்று பல தொல்லைகள் சேர்ந்து கொண்டு, எந்த டயட்டும் பலிக்காதவர்கள் கடைசியில் ஆபரேசனுக்கு வருகிறார்கள். சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியிலும் இந்த ஆபரேசன் செய்திருக்கிறார்கள்.

2024-ல் சென்னை புறநகரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எடை குறைப்பு ஆபரேசனுக்கு போன வாலிபர் இறந்துபோன செய்தி பலரையும் பயமுறுத்தியது. அவருக்கு ஆபரேசன் தியேட்டரிலேயே நிலைமை மோசமானது. நாம் இங்கே பேசும் ஒழுகல் அப்படி வருவது அல்ல. ஆபரேசன் நல்லபடியாக முடிந்து, ஆள் வீட்டுக்கு போன பிறகு ஓசைப்படாமல் வருவது இது.

டீ கிளாஸ் அளவு இரைப்பை

எடை குறைப்பு ஆபரேசனில் பல வகை உண்டு. அதிகமாக செய்யப்படுவது ‘ஸ்லீவ்’. ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. பை மாதிரி இருக்கும் இரைப்பையை சட்டைக் கை மாதிரி ஒல்லியான குழாயாக மாற்றி விடுவதால் இந்த பெயர்.

வயிற்றில் 4, 5 சிறு துளைகள் போட்டு கேமரா விட்டு இதை செய்கிறார்கள். வாய் வழியாக ஒரு ரப்பர் குழாயை இரைப்பைக்குள் இறக்குவார்கள். சுமார் 12, 13 மில்லி மீட்டர் தடிமன், அதாவது சுண்டுவிரல் அளவு இருக்கும். அந்த குழாயை அளவுகோலாக வைத்துக் கொண்டு, அதை ஒட்டி மேலிருந்து கீழாக ஸ்டேப்ளர் கருவியால் அடித்துக் கொண்டே வருவார்கள். ஆபீசில் காகிதம் பின் அடிக்கும் ஸ்டேப்ளர் போலத்தான். ஆனால் இது வரிசை வரிசையாக டைட்டானியம் பின்களை அடிக்கும், நடுவில் வெட்டியும் விடும். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வெட்டி வெளியே எடுக்கப்படும். மிச்சம் இருப்பதில் ஒரு டீ கிளாஸ் அளவுதான் பிடிக்கும்.

இன்னொரு வகை ‘பைபாஸ்’. இதில் இரைப்பையின் மேல் பகுதியில் சின்ன பை ஒன்றை பிரித்து, அதில் சிறுகுடலை இழுத்து வந்து இணைப்பார்கள். 1966-ல் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்த முறை பல மாற்றங்களோடு இன்றும் நடக்கிறது. இதில் ஒழுகல் வந்தால் பெரும்பாலும் இரைப்பையும் குடலும் சேரும் தையலில் வரும்.

ஸ்லீவில் அந்த பின் வரிசை 20 சென்டி மீட்டருக்கு மேல் நீளம். அத்தனை நீளத்தில் எங்கேயாவது ஒரு இடம் ஆறாமல் போனால் அங்கே ஓட்டை.

எத்தனை பேருக்கு வரும்?

2012-ல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்லீவ் ஆபரேசன் செய்து கொண்ட 4 ஆயிரத்து 888 பேரின் விவரங்களை ஒன்று சேர்த்து பார்த்தார்கள். அதில் 2.4 சதவீதம் பேருக்கு ஒழுகல் வந்திருந்தது. கிட்டத்தட்ட 40 பேருக்கு ஒருவர். இப்போது கருவிகளும் டாக்டர்களின் அனுபவமும் கூடிவிட்டதால், நல்ல மையங்களில் இது 100-க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது.

அதே ஆய்வில் வந்த இன்னொரு விஷயத்தைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒழுகல் வந்தவர்களில் 10-ல் 8 பேருக்கு அது கண்டுபிடிக்கப்பட்டது 10 நாட்களுக்கு பிறகு. அதாவது எல்லோரும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருக்கும்போது. நர்ஸ் கிடையாது, மானிட்டர் கிடையாது. கவனிக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.

ஓட்டை விழும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 10-ல் 9 ஒழுகல், இரைப்பையின் உச்சியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்கு பக்கத்தில்தான் விழுந்திருந்தது.

ஏன் அங்கே? அந்த இடத்தில் இரைப்பை சுவர் மெல்லிசு. ஆபரேசனில் அந்த பக்கத்துக்கு வரும் சிறு ரத்தக்குழாய்களையும் வெட்ட வேண்டியிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடம் சீக்கிரம் ஆறாது. இன்னொரு காரணம் அழுத்தம். பையாக இருந்தது குழாயாகி விட்டது. கீழே குடலுக்கு போகும் வாசல் எப்போதும் போல் இறுக்கமாக இருக்கிறது. நடுவில் இரைப்பை வளையும் இடத்தில் குழாய் கொஞ்சம் குறுகியோ முறுக்கியோ இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் போகும் ஹோஸ் பைப்பின் நுனியை விரலால் அடைத்தால், பைப்பில் எங்கே பலவீனமோ அங்கே பீய்ச்சும் இல்லையா? அதே கதைதான்.

சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புண் ஆறுவது தாமதம் என்பதால் ஆபத்து கூடுதல். ஆபரேசனுக்கு சில வாரங்கள் முன்பே புகைப்பதை நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஒழுகல் வந்துவிட்டாலே டாக்டர் கை சரியில்லை என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு போவதும் நடக்கிறது. கை தேர்ந்த டாக்டர்கள் செய்த ஆபரேசனிலும் இது வருகிறது என்பதுதான் உண்மை. சண்டை போட வேண்டிய விஷயம் வேறு. அறிகுறி சொல்லி போன் செய்த பிறகும் யாரும் வரச் சொல்லவில்லை என்றால், அப்போது கேளுங்கள்.

நாடி பிடித்துப் பாருங்கள்

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்து விடுவோம். துளை போட்டு செய்யும் ஆபரேசனில் வயிற்றை ஊத வைக்க கார்பன்-டை-ஆக்சைடு வாயு விடுவார்கள். அதில் மிச்சம் இருப்பது முதல் 2, 3 நாள் தோள்பட்டையில் வலி கொடுக்கும். இது சகஜம். நாளுக்கு நாள் குறையும். எழுந்து நடந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

ஆனால் விட்டுப்போன வலி திரும்ப வந்தாலோ, குறைய வேண்டிய வலி கூடினாலோ அது வாயு அல்ல. குறிப்பாக இடது தோள்பட்டை. இரைப்பையின் உச்சியில் கசிந்த திரவம் அதற்கு மேலே இருக்கும் உதரவிதானத்தை எரிச்சல் பண்ணும். அந்த வலி தோளில் தெரியும்.

எல்லாவற்றையும் விட நம்பகமான எச்சரிக்கை மணி நாடித்துடிப்பு. பல பேருக்கு காய்ச்சலுக்கு முன்பே, வயிற்று வலிக்கும் முன்பே நாடி வேகமாகி விடும். கட்டை விரலுக்கு கீழே மணிக்கட்டில் 2 விரலை வைத்து அரை நிமிடம் எண்ணி, அதை இரண்டால் பெருக்குங்கள். சும்மா படுத்திருக்கும்போதே 100-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆஸ்பத்திரிக்கு போன் செய்ய வேண்டும். 120-ஐ தொட்டால் போன் செய்து கொண்டிருக்க நேரமில்லை. கிளம்பி விட வேண்டும். 108 ஆம்புலன்சை கூப்பிடுங்கள்.

குண்டாக இருப்பவர்களுக்கு வயிற்றை அமுக்கி பார்த்து கண்டுபிடிப்பது டாக்டர்களுக்கே கஷ்டம். மற்றவர்களுக்கு வயிறு பலகை மாதிரி இறுகும். இவர்களுக்கு கொழுப்பு மூடியிருப்பதால் அது தெரியாது. அதனால்தான் நாடி, காய்ச்சல், மூச்சு வாங்குதல், காரணம் சொல்ல முடியாத படபடப்பு, “என்னமோ பண்ணுது” என்ற புலம்பல் ஆகியவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது என்கிறார்கள்.

இன்னொன்று. போகிற ஆஸ்பத்திரி முக்கியம். தெரு முனை கிளினிக்கில் ஊசி போட்டுக் கொண்டு படுத்து விடாதீர்கள். ஆபரேசன் செய்த இடத்துக்கே போவது நல்லது. வெளியூராக இருந்தால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு போய், எடை குறைப்பு ஆபரேசன் ஆனவர் என்பதை முதல் வார்த்தையாக சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தை சொல்லாததால் நெஞ்சு சளி என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்புவதும் நடக்கும். கசிவு மேலே இருந்தால் இடது பக்க நுரையீரலை சுற்றி நீர் கோர்க்கும், இருமல் கூட வரும். சளி என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

சாயம் கலந்த மருந்தை குடிக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். சாயம் இரைப்பைக்கு வெளியே தெரிந்தால் ஒழுகல் உறுதி. சீழ் எங்கே, எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வயிற்றில் ஏற்கனவே டிரெயின் டியூப் இருந்தால் நீல மருந்தை குடிக்க வைப்பார்கள். டியூபில் நீலம் வந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒழுகல் இல்லை என்று அர்த்தம் இல்லை. சிறு ஓட்டை சில நேரம் தப்பித்து விடும். நாடி வேகம் குறையாமல் ஆள் மோசமாகிக் கொண்டே போனால், ஸ்கேனை நம்பி உட்காராமல் கேமரா விட்டு நேரில் பார்ப்பார்கள்.

ஒழுகலை எத்தனை நாளில் வந்தது என்பதை வைத்து பிரிக்கிறார்கள். முதல் வாரத்தில் வந்தால் ஒரு வகை. 1 முதல் 6 வாரத்துக்குள் வந்தால் இன்னொரு வகை. 6 வாரம் தாண்டினால் தாமதமான ஒழுகல், 12 வாரம் தாண்டினால் நாள்பட்டது. இந்த கணக்கு எதற்கு என்றால், ஸ்டென்ட் பலிப்பதும் பலிக்காததும் இதை பொறுத்தது.

தைத்தால் என்ன?

ஓட்டை தெரிந்துவிட்டது. திறந்து ஒரு தையல் போட்டால் முடிந்தது என்றுதான் நமக்கு தோன்றும். ஆனால் சீழ் பிடித்து வீங்கிய சதை ஊறிப்போன அட்டை மாதிரி இருக்கும். ஊசி குத்திய இடமெல்லாம் கிழியும். இன்று போட்ட தையல் 2 நாளில் விட்டுவிடும். அதனால்தான் டாக்டர்கள் தைப்பதற்கு அவசரப்படுவதில்லை.

ஆனாலும் ஆபரேசன் அடியோடு போய்விடவில்லை. ரத்த அழுத்தம் இறங்கி, வயிறு முழுவதும் விஷம் பரவி, ஆள் நிலைகுலைந்து வந்தால் உடனே உள்ளே போய் கழுவி, டிரெயின் வைத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் எண்டோஸ்கோபி பண்ணலாமா என்று யோசிக்க இடமில்லை. ஆள் ஓரளவு தெம்பாக இருந்தால்தான் ஸ்டென்ட் பேச்சு.

பைப்புக்குள் பைப்

வீட்டில் தண்ணீர் பைப்பில் ஓட்டை. தண்ணீர் ஓடிக் கொண்டே இருக்கும்போது எம்-சீல் போட்டால் ஒட்டுமா? ஒட்டாது. அந்த பைப்புக்குள்ளேயே இன்னொரு பைப்பை நுழைத்து விட்டால் தண்ணீர் உள் பைப்பில் ஓடும். ஓட்டை காய்ந்து கிடக்கும். ஸ்டென்ட் செய்வது இதைத்தான். எச்சில், இரைப்பை நீர், சாப்பாடு எல்லாம் ஸ்டென்ட் குழாய்க்குள் ஓடிவிடும். ஓட்டையை தொடாது. மற்றபடி அதை மூடுவது ஸ்டென்ட் அல்ல, நம் உடம்பு. சதை வளர்ந்து தானாக மூடிக் கொள்ளும். கூடவே, குறுகிய இடம் இருந்தால் அதையும் விரித்து அழுத்தத்தை குறைக்கும்.

ஸ்டென்ட் என்றதும் இதயத்தில் வைப்பதுதான் நமக்கு நினைவு வரும். அது பேனா ரீபிள் மாதிரி சின்னது. இது பெரிய சைஸ். விரிந்தால் 2 சென்டி மீட்டருக்கு மேல் அகலம். ஸ்லீவ் ஆபரேசனுக்கு என்றே வந்திருக்கும் நீள ஸ்டென்டுகள், உணவுக்குழாயின் அடியில் தொடங்கி இரைப்பை குழாய் முழுவதும் இறங்கும். ஸ்டென்ட் என்ற பெயர் 19-ம் நூற்றாண்டில் லண்டனில் பல் டாக்டராக இருந்த சார்லஸ் ஸ்டென்ட் என்பவரிடம் இருந்து வந்தது என்கிறார்கள். அவர் பல் அச்சு எடுக்க ஒரு கலவை கண்டுபிடித்தவர். அவர் பெயர் இத்தனை தூரம் பயணம் போகும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

கம்பி வலை பெரும்பாலும் நிட்டினால் என்ற உலோகத்தில் பின்னப்பட்டது. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. இதற்கு நினைவு சக்தி உண்டு. ஒடுக்கி உறைக்குள் திணித்தாலும், உறையை உருவியதும் உடம்புச் சூட்டில் பழைய வடிவத்துக்கு விரியும். வலைக்கு மேல் சிலிகோன் போன்ற உறை போட்டிருப்பார்கள். உறை இல்லாவிட்டால் வலை ஓட்டை வழியாகவே கசியும். அது மட்டும் இல்லை, சதை வலைக்குள் வளர்ந்து ஸ்டென்டை பிடித்துக் கொள்ளும்.

உள்ளே வைப்பது எப்படி?

மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி குழாயை வாய் வழியாக விடுகிறார்கள். ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிசு என்று பார்க்கிறார்கள். மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டையை தாண்டி குடல் வரை விடுவார்கள். அந்த கம்பியை தண்டவாளம் மாதிரி பிடித்துக் கொண்டு, ஒடுக்கி வைத்த ஸ்டென்ட் உள்ளே போகும். எக்ஸ்ரே திரையில் பார்த்துக் கொண்டே, ஓட்டை நடுவில் வரும்படி நிறுத்தி, மேல் உறையை மெதுவாக உருவுவார்கள். ஸ்டென்ட் பூ மாதிரி விரியும். முழுசாக விரிந்து பதிய ஓரிரு நாள் ஆகலாம். வெளியே ஒரு தழும்பு கூட இருக்காது.

ஆனால் ஸ்டென்ட் வைத்ததோடு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கனவே வெளியே கசிந்த சீழை எடுக்காமல் வாசலை மட்டும் மூடினால், கள்ளனை வீட்டுக்குள் வைத்து பூட்டிய கதையாகி விடும். அதனால் ஸ்கேன் பார்த்தபடி தோல் வழியாக டியூப் விட்டு சீழை வடிக்கிறார்கள். ஆண்டிபயாடிக் ஊசி தொடரும். சாப்பாடு இல்லாமல் புண் ஆறாது என்பதால், மூக்கு வழியாக குடல் வரை சன்னமான குழாய் விட்டு சத்து திரவம் கொடுப்பார்கள். முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்து கசிவு நின்றது என்று சாய எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகே வாய் வழியாக தண்ணீர் ஆகாரம்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வாரக்கணக்கில் வாந்தி, சாப்பாடு இல்லை என்று இருப்பவர்களுக்கு வைட்டமின் பி-1 தீர்ந்து போகும். பார்வை இரட்டையாக தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாக பேசுவது இதன் அடையாளம். அந்த நேரத்தில் பி-1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிப்பு இன்னும் மோசமாகும். “பி-1 போட்டாச்சா டாக்டர்?” என்று கேட்க கூச்சப்பட வேண்டியதில்லை.

படுத்தும் பாடு

ஸ்டென்ட் உள்ளே இருக்கும் 4 முதல் 8 வாரம் சுகமாக இருக்கும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. முதல் சில நாள் நெஞ்சு வலி, குமட்டல், ஓங்கரிப்பு இருக்கும். எச்சில் ஊறிக் கொண்டே இருக்கும். உணவுக்குழாயின் அடிக்கதவை ஸ்டென்ட் திறந்தே வைத்திருப்பதால் புளித்த தண்ணீர் மேலே ஏறும். தலைமாட்டை உயர்த்தி வைத்துத்தான் படுக்க வேண்டும். சிலருக்கு இந்த அவஸ்தை தாங்காமல் முன்கூட்டியே எடுத்து விட வேண்டியும் வருகிறது.

பெரிய தலைவலி ஸ்டென்ட் நழுவுவது. உறை போட்ட ஸ்டென்ட் வழுக்கும். 2012-ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வில் 100-க்கு 17 பேருக்கு ஸ்டென்ட் நகர்ந்திருந்தது. பிறகு வந்த தொகுப்பில் இது 100-க்கு 30-ஐ நெருங்கியது. நகர்ந்தால் கசிவு மறுபடி தொடங்கும். கேமரா விட்டு இழுத்து சரி செய்வார்கள், அல்லது வேறு வைப்பார்கள். குடலுக்குள் இறங்கி சிக்கிக் கொண்டால் ஆபரேசன் வரை போகும். இதை தடுக்க ஸ்டென்டின் மேல் விளிம்பை கிளிப் போட்டோ, எண்டோஸ்கோபி வழியாகவே தையல் போட்டோ பிடித்து வைக்கிறார்கள். அபூர்வமாக ஸ்டென்டின் விளிம்பு சுவரை அரித்து ரத்தக் கசிவும் வரலாம். ரத்த வாந்தி, கருப்பாக மலம் போனால் ஒரு மணி நேரம் கூட காத்திருக்கக் கூடாது.

நழுவாமல் பிடித்துக் கொள்ளட்டும் என்று இரண்டு முனையில் மட்டும் உறை இல்லாத ஸ்டென்ட் வைப்பதும் உண்டு. அதில் தொல்லை நேர்மாறு. சதை பிடித்துக் கொண்டு விடாது. அதற்கும் டாக்டர்கள் வழி வைத்திருக்கிறார்கள். முழு உறை போட்ட இன்னொரு ஸ்டென்டை அதற்குள்ளேயே வைப்பார்கள். அது அழுத்த அழுத்த, உள்ளே வளர்ந்த சதை கரைந்து போகும். 1, 2 வாரத்தில் இரண்டையும் சேர்த்து உருவி விடுவார்கள். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

எல்லோருக்கும் பலிக்குமா?

அந்த 2012 தொகுப்பில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு ஒழுகல் அடைபட்டது. ஆனால் அதில் இருந்தவர்கள் வெறும் 67 பேர். பிறகு கூடுதல் பேரை வைத்து பார்த்தபோது 10-ல் 7, 8 பேருக்கு பலன் என்று வந்தது. சிலருக்கு ஒரே தடவையில் முடியாது. 2, 3 தடவை எண்டோஸ்கோபி தேவைப்படும்.

சீக்கிரம் வந்தவர்களுக்கு வெற்றி அதிகம். மாதக்கணக்கில் கசிந்த ஓட்டை, சுவர் தடித்து ஒரு நிரந்தர சந்தாகி விடும். அதை வெறுமனே மூடி வைத்தால் ஆறாது.

அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வித்தைகள் இருக்கின்றன. இரண்டு முனையும் வால் மாதிரி சுருண்ட குட்டி பிளாஸ்டிக் குழாயை ஓட்டை வழியாகவே விட்டு, சீழை வெளிப்பக்கம் அல்லாமல் இரைப்பைக்குள்ளேயே வடிய விடுவது ஒன்று. பிரான்சு டாக்டர்கள் அதிகம் கையாண்ட முறை இது. பெரிய ஸ்டென்ட் அளவுக்கு வேதனை இல்லை, வாயால் சாப்பிடவும் சீக்கிரம் முடியும் என்பதால் பல இடங்களில் இதையே முதலில் செய்யத் தொடங்கி விட்டார்கள். சீழ் குழிக்குள் ஸ்பாஞ்சு வைத்து, குழாய் வழியாக உறிஞ்சி எடுக்கும் ‘வேக்கம்’ முறை இன்னொன்று. ஸ்பாஞ்சை 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் நோயாளிக்கும் டாக்டருக்கும் பொறுமை வேண்டும். குழிக்கும் இரைப்பைக்கும் நடுவில் இருக்கும் சதைச் சுவரை வெட்டி இரண்டையும் ஒன்றாக்கி, குறுகிய இடத்தை பலூனால் விரிப்பதும் உண்டு. இவை எதுவும் பலிக்காத சிலருக்கு மட்டும், மாதங்கள் கழித்து உடம்பு தேறிய பிறகு, குடலை இழுத்து வந்து இணைக்கும் பெரிய ஆபரேசன்.

பணம்

எடை குறைப்பு ஆபரேசனுக்கு ‘பேக்கேஜ்’ என்று ஒரு தொகை சொல்வார்கள். ஒழுகல் வந்தால் ஐ.சி.யு., ஸ்டென்ட், பல தடவை எண்டோஸ்கோபி, வாரக்கணக்கில் படுக்கை என்று செலவு ஆபரேசன் செலவையே தாண்டி விடலாம். நகையை அடகு வைத்து ஆபரேசனுக்கு வந்த குடும்பம் அப்போது எங்கே போகும்? ஆகவே அட்வான்ஸ் கட்டும் முன்பே கேளுங்கள். பேக்கேஜில் பின்விளைவு சிகிச்சை அடங்குமா? இதே ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் எண்டோஸ்கோபி டாக்டர் உண்டா, சி.டி. ஸ்கேன் உண்டா, அல்லது வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்களா? உங்களிடம் ஒழுகல் வந்தவர்களை எப்படி சமாளித்தீர்கள்? முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் டாக்டரிடம் துணிந்து போகலாம். “எங்களுக்கு அதெல்லாம் வந்ததே இல்லை” என்று சொல்பவர் ஆயிரக்கணக்கில் செய்தவராக இருக்க முடியாது.

இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்து படியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த வரையறைப்படி, 18 வயது நிரம்பியவராக இருந்து, டாக்டர் பரிந்துரையின் பேரில் செய்தால், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களின் ஆபரேசனை உடல் பருமன் என்ற காரணம் காட்டி ஒதுக்க முடியாது. கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தால் 35 போதும். பி.எம்.ஐ. கணக்கு லேசுதான். எடையை கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 5 அடி 5 அங்குலம், அதாவது 1.65 மீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் இருந்தால் 40.4 வரும். காத்திருப்பு காலம் பாலிசிக்கு பாலிசி மாறும். அழகுக்காக செய்வதற்கு எந்த பாலிசியும் காசு தராது.

எடுக்கும் நாள்

ஸ்டென்ட் வைத்தவர் மறக்கக் கூடாத தேதி, அதை எடுக்கும் தேதி. வலி போய், சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் “நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. நாள் கடந்தால் சதை மூடி, எடுக்கும்போது கிழியும் ஆபத்து கூடும். தேதியை காலண்டரில் எழுதி வைத்து விடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எடுப்பது பெரிய வேலை இல்லை. மறுபடி மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோபி வழியாக கொக்கி போன்ற கருவியால் ஸ்டென்டின் விளிம்பில் இருக்கும் நூலை பிடித்து இழுப்பார்கள். வலை சுருங்கி வாய் வழியாக வந்து விடும். அதே கையோடு ஓட்டை மூடியிருக்கிறதா என்று கேமராவில் பார்த்து, சாய எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். அன்றைக்கே இட்லி, சாம்பார் என்று இறங்கி விட முடியாது. தண்ணீர், பிறகு கஞ்சி, பருப்பு தண்ணி, முட்டை வெள்ளைக்கரு மசித்தது என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். சோடா, கலர் கூடவே கூடாது. நாடி எண்ணும் பழக்கத்தை எடுத்த பிறகும் 2, 3 வாரம் விட வேண்டாம். ஓட்டை மறுபடி வாய் திறந்தால் முதலில் சொல்லப் போவது அந்த நாடிதான்.